பதம் என்றால் என்ன? அடுப்படியில் தினமும் புழங்கும் ஒரு சொல்லுக்கு எளிய விளக்கம்

போன தீபாவளிக்கு முந்தின நாள் இரவு ஒன்பதரை மணி இருக்கும். வேளச்சேரியில் தனியாக வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, அதிரசத்துக்குப் பாகு வச்சிருக்கேன். பதம் வந்ததும் இறக்கணும்னு போட்டிருக்கு. பதம்னா எத்தனை நிமிஷம்?"

அவள் கேள்வியில் தப்பே இல்லை. அவளுக்குக் கிடைத்த குறிப்புகள் அப்படி. ஒரு வீடியோவில் "பத்து நிமிஷத்துல பதம் வந்துடும்" என்கிறார்கள். இன்னொன்றில் "கொஞ்சம் திக்கா வரணும், அதுதான் பதம்" என்கிறார்கள். மூன்றாவதில் பதம் என்ற சொல்லையே விட்டுவிட்டு "கன்சிஸ்டென்சி" என்கிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "அதெல்லாம் கைப்பக்குவம், சொல்லி வராது" என்று முடித்துவிடுகிறார். சமையலைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சோர்வு தரும் பதில் இல்லை. பதம் சொல்லி வரும். அது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் கையும் தானாகப் பழகிவிடும்.

முதலில் இரண்டு பதங்களைப் பிரித்துவிடுவோம்

பள்ளியில் இலக்கணம் படித்தபோது பகுபதம், பகாபதம் என்று படித்திருப்போம். நன்னூலில் பதவியல் என்று தனி இயலே இருக்கிறது. அங்கே பதம் என்றால் சொல். மார்கழியில் சென்னை சபாக்களில் பரதநாட்டியம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பதம் தெரியும். மெதுவான காலத்தில் அபிநயத்துக்கு இடம் கொடுக்கும் பாடல் வகை. இவை வடமொழி வழியாக வந்தவை. அடுப்படிப் பதத்தோடு இவற்றைக் குழப்ப வேண்டாம்.

நம் பதம் வேறு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இதற்குப் பல பொருள்கள் கிடைக்கும்: பக்குவம், தக்க சமயம், உணவு, ஈரம், கூர்மை. முதலில் பார்க்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாத பட்டியல் போலத் தோன்றும். ஆனால் அந்த இரண்டாவது பொருளைக் கொஞ்சம் கவனியுங்கள். தக்க சமயம். பதத்துக்குள் பொருளின் நிலை மட்டும் இல்லை, நாம் கை வைக்க வேண்டிய வேளையும் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மாம்பலத்தில் இறங்குவது போல

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்கள். மாம்பலத்தில் இறங்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "இத்தனை நிமிஷம் ஆனதும் இறங்கிவிடுவேன்" என்று யாராவது உட்கார்ந்திருப்போமா? சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் கணக்கே தப்பிவிடும். கிண்டி போய்விட்டதா, சைதாப்பேட்டை வந்துவிட்டதா என்றுதான் வெளியே பார்ப்போம். அதோடு, மாம்பலம் பெயர்ப்பலகை கண்ணில் பட்ட பிறகு எழுந்திருக்கவும் மாட்டோம். கூட்ட நேரத்தில் சைதாப்பேட்டை தாண்டியதுமே கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவோம். இல்லாவிட்டால் கோடம்பாக்கம்தான்.

சமையலில் நேரம் என்பது கடிகாரம். பதம் என்பது ஸ்டேஷன். அடுப்பில் இருக்கும் பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பயணத்தில் நாம் இறங்க வேண்டிய இடம் பதம். கடிகாரம் உதவாது என்று சொல்லவில்லை. எப்போது வெளியே பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லும். இறங்கு என்று சொல்ல அதற்குத் தெரியாது. தீ பெரிதா சிறிதா, பாத்திரம் அகலமா குறுகலா, தண்ணீர் எவ்வளவு, எல்லாமே நேரத்தை மாற்றிவிடும். ஊரும்கூட மாற்றும். கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாத அந்தத் தண்ணீரில் அரிசி வேக அதிக நேரம் ஆகும். சென்னைக்காரர் எழுதிய நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு ஊட்டியில் சோறு வடிக்க முடியாது. ஆனால் பதம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

வெந்தது வேறு, பதம் வேறு

"வெந்துடுச்சா?" என்ற கேள்வியும் "பதம் வந்துடுச்சா?" என்ற கேள்வியும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றல்ல. வேக்காடு என்பது பச்சைத்தன்மை போய்விட்டதா என்று மட்டும் கேட்கிறது. பதம் அதற்கு மேல் ஒன்று கேட்கிறது: எதற்கு?

ஒரே அரிசியை எடுத்துக்கொள்வோம். தயிர் சாதத்துக்குச் சோறு குழைய வேண்டும், கையால் மசித்தால் மசிய வேண்டும். புளியோதரைக்கு உதிரி உதிரியாக நிற்க வேண்டும். சாம்பாரில் பிசைந்து சாப்பிட இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மூன்றும் வெந்த சோறுதான். ஆனால் தயிர் சாதத்துக்குப் பதமாக இருக்கும் சோறு புளியோதரைக்குப் பதம் தப்பிய சோறு. ஆகவே குறிப்பு எழுதுகிறவர் "பதமாக வேகவிடவும்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொல்லியிருக்கிறார். எதற்குப் பதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை எழுதாமல் விடுவதுதான் நம் சமையல் குறிப்புகளில் இருக்கும் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

பக்குவம் இன்னும் அகலமான சொல். ஒரு குழம்பை வைக்கும் முறை முழுவதையும் "எங்க வீட்டுப் பக்குவம்" என்று சொல்லலாம். மனிதர்களைப் பற்றியும் சொல்லலாம், பக்குவப்பட்டவர் என்போம். பதம் அந்த முறைக்குள் வரும் ஒரு குறிப்பிட்ட புள்ளி. "திக்காக" இருப்பதும் பதம் அல்ல. சில பண்டங்களில் கெட்டியாவது பதத்தின் அடையாளம். வேறு சிலவற்றில் நிறம் அடையாளம், சிலவற்றில் மணம், சிலவற்றில் சத்தம். அடையாளத்தையே பொருளாக நினைத்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பதம் நிமிடமும் இல்லை, கெட்டித்தன்மையும் இல்லை. ஒரு தேவைக்காக, மாறிக்கொண்டிருக்கும் பொருளை நிறுத்த வேண்டிய நிலை. உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது என்பதை இனிப் பார்ப்போம். சோற்றில் தொடங்கலாம்.

ஒரு சோறு எப்படிப் பானைக்குப் பதில் சொல்கிறது

அரிசிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஜவ்வரிசி. ஊறவைத்த ஜவ்வரிசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டுக் கவனியுங்கள். வெளிப்புறம் முதலில் கண்ணாடி மாதிரி ஆகும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். கொதிக்கக் கொதிக்க அந்தப் புள்ளி சுருங்கி, கடைசியில் மறைந்துவிடும்.

அந்த வெள்ளைப் புள்ளி இன்னும் வேகாத மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது அரிசியிலும் கிழங்கிலும் நுண்ணிய மணிகளாக இறுகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும் பொருள். பச்சைத் தண்ணீரில் அது கரையாது. போதிய சூடும் தண்ணீரும் சேர்ந்து கிடைத்தால் அந்தக் கட்டு தளர்ந்து, தண்ணீரை உறிஞ்சி உப்பி, பசையாகிவிடும். இதை மாவுச்சத்து பசையாதல் என்று சொல்லலாம். அரிசி ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 55 முதல் 80 டிகிரிக்குள் இது நடக்கும். சூடும் தண்ணீரும் வெளியிலிருந்து உள்ளே போவதால் பசையாவதும் வெளியே தொடங்கி நடுவுக்கு நகர்கிறது. அரிசியிலும் இதே கதைதான். ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால், உள்ளே கடுகை விடச் சிறிய வெள்ளைத் துணுக்கு தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் முக்கால் பதம். தெரியாமல் முழுதாக நசுங்கினால் சோறு பதம். விரல் பட்டதுமே கரைந்தால் குழைந்துவிட்டது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தச் சோதனையைத்தான். இங்கே பதம் என்றால் மாதிரி, சான்று. ஒரு பருக்கை எப்படிப் பானை முழுவதற்கும் சாட்சி சொல்ல முடியும்? நிறையத் தண்ணீரில் கொதிக்கும்போது பருக்கைகள் மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சூடு, ஒரே தண்ணீர், ஒரே நேரம். அதனால் ஒன்று வெந்த அளவுதான் மற்றதும் வெந்திருக்கும். வடித்த சோற்றுக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்துகிறது.

பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. தம் போட்ட பிரியாணி அண்டாவில் தண்ணீர் குறைந்து, பருக்கைகள் அசையாமல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு பதம், நடுவில் ஒரு பதம், மேலே ஒரு பதம் இருக்கலாம். அங்கே மேலாக ஒரு சோறு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஏமாற்றம்தான். பிரியாணி மாஸ்டர்கள் கரண்டியை ஓரமாக அடி வரை இறக்கி எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

தனியாக வேகவைத்து வடித்த அரிசியைச் சேர்த்துத் தம் போடுவதாக இருந்தால் அதை முக்கால் பதத்திலேயே வடித்துவிட வேண்டும். மீதிக் கால் பங்கை அண்டாவுக்குள் அடைபட்ட ஆவி முடித்து வைக்கும். சைதாப்பேட்டையிலேயே எழுந்து கதவுக்குப் போவது என்று சொன்னேனே, அது இது. முழுப் பதத்தில் வடித்துத் தம் போட்டால் கோடம்பாக்கம் போய்விடும், சோறு குழைந்துவிடும்.

குக்கர் விஷயம் தனி. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். சோறு சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் குக்கரில் பதத்தை முன்கூட்டியே, தண்ணீர் அளவில் முடிவு செய்துவிடுகிறோம். ஒரு தம்ளர் அரிசிக்கு இரண்டு தம்ளரா, மூன்றா என்பதுதான் அங்கே பதம். பலரும் விசிலைக் கூட்டிக் குறைத்துச் சோற்றைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

பாகு: பதத்தின் பள்ளிக்கூடம்

பதம் என்ற சொல்லை நாம் அதிகம் சொல்வது பாகு காய்ச்சும்போதுதான். அதிகம் தவறுவதும் அங்கேதான். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஏனென்றால் இதில் மாறுவது ஒன்றே ஒன்று: தண்ணீர்.

வெறும் தண்ணீரை எவ்வளவு பெரிய தீயில் வைத்தாலும் சென்னையில் அது 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படியல்ல. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது கொதிக்க இன்னும் கொஞ்சம் சூடு வேண்டியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போகிறது, சர்க்கரை அப்படியே நிற்கிறது. கரைசல் அடர்கிறது, கொதிக்கும் சூடு இன்னும் ஏறுகிறது. எனவே பாகின் சூடு என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதன் அளவுகோல். நாம் விரலால் பார்க்கும் ஒவ்வொரு பதமும் உண்மையில் ஒரு தண்ணீர் அளவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை கிலோ சர்க்கரையில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கிறீர்கள்.

முதலில் பிசுபிசுப்புப் பதம் வரும். விரல்களுக்கு நடுவில் ஒட்டும், கம்பி வராது. குலாப் ஜாமூனுக்கு இது போதும். அப்புறம் கம்பிப் பதம். ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் தொட்டுப் பிரித்தால் நூல் போல இழுபடும். ஒற்றைக் கம்பி அறுபடாமல் நின்றால் மைசூர்பாகுக்குக் கடலை மாவைக் கொட்டலாம். ஏறத்தாழ 106 முதல் 110 டிகிரிக்குள் இந்தக் கம்பிகள் வந்துபோகும். நன்றாக நீளும் கம்பி வரும்போது பாகில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர். நம் கணக்கில் சுமார் 125 மில்லி. அதாவது ஊற்றியதில் சரிபாதி போய்விட்டது.

அடுத்தது உருட்டுப் பதம். கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரளும். ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி. மிச்சத் தண்ணீர் 90 மில்லியை ஒட்டி இருக்கும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு இந்த நிலைக்கு வர வேண்டும். முந்தின பதத்துக்கும் இதற்கும் நடுவில் போனது வெறும் 35 மில்லி என்பதைக் கவனியுங்கள். முதல் 125 மில்லி போக ஆன நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. "இப்பதான் பார்த்தேன், அதுக்குள்ள முத்திப்போச்சு" என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான். உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஸ்டேஷன்கள் அங்கே நெருங்கி நெருங்கி வருகின்றன. தீயைக் குறைப்பது ஒன்றே வழி.

இன்னும் போனால் உருண்டை கெட்டியாகும். கடைசியில் உடையும் பதம். தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் கேட்கும், ஒடித்தால் படக்கென்று உடையும். ஏறத்தாழ 149 முதல் 154 டிகிரி. தண்ணீர் நூற்றில் ஒரு பங்கு மட்டும். நம் அரை கிலோவில் ஒரு தேக்கரண்டிதான் மிச்சம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் பல்லில் ஒட்டாமல் உடைவதற்குக் காரணம், வெல்லப்பாகு அவ்வளவு தூரம் காய்ந்திருப்பதுதான்.

இப்போது ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்துவிடும். "பாகுக்கு எவ்வளவு தண்ணீர்?" என்று பதறிக் கேட்பார்கள். 250 மில்லிக்குப் பதில் 500 ஊற்றிவிட்டீர்களா? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கம்பிப் பதம் வரும்போது அதே 125 மில்லிதான் இருக்கும். கூடுதல் நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பதம் தாண்டிவிட்டாலும் உடனே கவனித்தால் கைவசம் மருந்து உண்டு. கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரைய வைத்து, திரும்பக் காய்ச்சலாம். நிறம் மாறிக் கருகத் தொடங்கியிருந்தால் மட்டும் திரும்பி வர வழியில்லை, அது சர்க்கரையே உடைந்து வேறு பொருளாகிவிட்ட நிலை.

கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும்போது எல்லாப் பாகும் இளகித்தான் ஓடும்; கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆறிய பிறகு எப்படி இருக்கும் என்பதுதான் நமக்கு வேண்டும். பச்சைத் தண்ணீர் அந்தச் சொட்டை ஒரே நொடியில் ஆறவைத்து, நாளைக்கு அதிரசம் எப்படி இருக்கும் என்பதை இன்றைக்கே காட்டுகிறது. கம்பிப் பதம் பார்க்கும்போதும் பாகைக் கரண்டியிலிருந்து நேராக விரலில் எடுக்காதீர்கள். கொதிதண்ணீரை விடச் சூடான பாகு விரலில் ஒட்டிக்கொண்டால் ஆழமாகச் சுட்டுவிடும். தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியதும் தொடுங்கள்.

ஒரு பொருள் ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்துக்குத் தமிழ் இயற்பியல் பாடநூல்களில் பாகுநிலை என்று பெயர். தண்ணீருக்குக் குறைவு, விளக்கெண்ணெய்க்கு அதிகம். பாகு காய்ச்சிய யாரோ ஒருவர்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். எனக்கு மிகப் பிடித்த கலைச்சொல் அது.

வெல்லத்துக்கு ஒரு வார்த்தை. அதில் சர்க்கரையோடு வேறு பொருள்களும் கலந்திருக்கும், கடைக்குக் கடை ரகமும் மாறும். அதனால் மேலே சொன்ன டிகிரிகள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பொருந்தும் அளவு வெல்லத்துக்குத் துல்லியமாகப் பொருந்தா. வெல்லப்பாகில் வெப்பமானியை விட விரலும் கிண்ணமும் நம்பகமானவை.

சுருக்கமாக: பாகில் ஒவ்வொரு பதமும் ஒரு மிச்சத் தண்ணீர் அளவு. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறும், பாகுநிலை கூடும், ஆறியபின் இறுகும். விரல், கிண்ணம், சத்தம் மூன்றும் அந்த அளவைப் படிக்கும் கருவிகள்.

மாவில் பதம்

அடுப்பு இல்லாமலும் பதம் உண்டு. இட்லி மாவு அதற்கு நல்ல உதாரணம். அதில் இரண்டு பதங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரைக்கும்போது உளுந்து பொங்கிப் பந்து போல வர வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் போதிய காற்று உள்ளே பிடிபட்டிருக்கிறது என்று பொருள். அடுத்தது புளிக்கும் பதம். மாவிலேயே இருக்கும் நுண்ணுயிரிகள் சர்க்கரைச் சத்தைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன; வாயு மாவை உப்ப வைக்கிறது, அமிலம் புளிப்பு தருகிறது. சென்னை மே மாத வெயிலில் மாலையில் அரைத்தது நள்ளிரவுக்குள்ளேயே பொங்கிவிடும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் இருக்கும். இங்கேயும் மணிக்கணக்கு உதவுவதில்லை. மாவு எழும்பியிருக்கிறதா, கரண்டியை விட்டால் குமிழிகள் தெரிகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். முறுக்கு மாவு, சப்பாத்தி மாவு எல்லாவற்றிலும் பதம் என்பது தண்ணீருக்கும் மாவுக்கும் உள்ள கணக்குதான். அதைக் கை சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

வானிலை அறிக்கையில் இருக்கும் பதம்

"சென்னையில் இன்று காற்றின் ஈரப்பதம்" என்று செய்தியில் கேட்கிறோம். அகராதியில் பார்த்த 'ஈரம்' என்ற பொருள் இங்கே வந்துவிட்டது. ஈரப்பதம் என்பது, அந்தச் சூட்டில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. கடலை ஒட்டிய ஊர் என்பதால் சென்னையில் இது பெரும்பாலும் அதிகம். உழவர்களும் இதே பொருளில் மண்ணில் பதம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏர் பூட்டுவார்கள். சேறாகவும் இருக்கக் கூடாது, கட்டாந்தரையாகவும் இருக்கக் கூடாது.

சமையலறைப் பதமும் வானிலைப் பதமும் முறுக்கு டப்பாவுக்குள் சந்தித்துக்கொள்கின்றன. கடலை மிட்டாயில் நூற்றில் ஒரு பங்குக்குத்தான் தண்ணீரை விட்டு வைத்தோம். ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும். நாம் பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீர் மெதுவாக உள்ளே வருகிறது. பதம் பின்னோக்கிப் போகிறது. மிட்டாய் பிசுபிசுக்கும், முறுக்கும் அப்பளமும் நமத்துப்போகும். நமத்துப்போதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததைச் சூட்டோடு மூடினாலும் இதே கதி, அதன் ஆவியே டப்பாவுக்குள் நீராக இறங்கிவிடும். முழுக்க ஆறவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல் இறுக்கி மூட வேண்டும். சென்னையில் இந்த இரண்டுக்கும் நடுவில் அதிக நேரம் கொடுக்கக் கூடாது.

அடுப்படிக்கு வெளியே

தோலைப் பதனிடுதல் என்கிறோம். பச்சைத் தோல் விட்டால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். அந்த மாற்றத்தை நிறுத்தி, மெத்தென்று நிலைத்து நிற்கும் பொருளாக்குவதுதான் பதனிடுதல். சென்னைக்கு இந்த வேலையோடு பழைய உறவு உண்டு. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோமிய உப்பால் தோல் பதனிட்ட தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்ததால்தான். 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. ஊறுகாய், கருவாடு, வற்றல் எல்லாவற்றையும் பதப்படுத்திய உணவு என்று சொல்வதும் இதே பொருளில்தான்: மாற்றத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்தல்.

சித்த மருந்து செய்கிறவர்களும் இந்தச் சொல்லை நம்பித்தான் இருக்கிறார்கள். தைலம் காய்ச்சும்போது அடியில் தங்கும் கல்கத்தை, அதாவது அரைத்துச் சேர்த்த மூலிகை விழுதை, எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, மெழுகுப் பதமா மணல் பதமா என்று சொல்வார்கள். தீபாவளி லேகியம் கிளறும் வீடுகளில் லேகியப் பதம் என்பதைக் குழந்தைகள்கூட அறிவார்கள். ஒட்டாமல் சுருண்டு வந்து, ஓரத்தில் நெய் பிரியும்.

"கண்ணாடிச் சில்லு காலைப் பதம் பார்த்துடுச்சு" என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே அகராதியின் கூர்மை என்ற பொருளும் பொருந்துகிறது, சோதித்துப் பார்த்தல் என்ற பொருளும் பொருந்துகிறது.

தொடங்குகிறவர்களுக்கு: நெய்

எந்தப் பதத்திலிருந்து பழகலாம் என்று கேட்டால் நெய் என்று சொல்வேன். இதில் விரல் வேண்டாம், கிண்ணம் வேண்டாம். காது போதும்.

வெண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால்சத்து. அடுப்பில் வைத்ததும் முதலில் உருகும், பிறகு சடசடவென்று பொரியும் சத்தம் வரும். அது தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், எதுவும் கருகாது, பதற்றமே வேண்டாம். தண்ணீர் தீர்ந்ததும் சத்தம் அடங்கும். அந்த நொடியிலிருந்து சூடு விறுவிறுவென்று ஏறும், அடியில் இருக்கும் பால்சத்து பொன்னிறமாகி மணக்கும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு, அது மொறுமொறுவென்று ஆவதற்கும் மணம் எழுவதற்கும் சரியாக இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். பாத்திரத்தின் சூட்டிலேயே மீதி நடக்கும். கசண்டு கருக்கும் வரை நின்றால் நெய் கசந்துவிடும்.

அன்றைக்கு இரவு அண்ணன் மகளுக்குப் போனிலேயே கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னேன். அதிரசம் ஒருவாறு வந்துவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூப்பிட்டாள், கால் கிலோ வெண்ணெய் வாங்கி வந்திருப்பதாகச் சொன்னாள். எதுவும் கேட்கவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்துவிட்டாள். இங்கே எனக்கும் அந்தச் சடசடப்பு கேட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. கீரை விழுந்து ஒரு முறை பொரிந்து ஓய்ந்தது. அடுப்பைத் திருகும் சத்தம் கேட்டது.

"அத்தை, இறக்கிட்டேன்" என்றாள்.